எல்லாப் பிள்ளைகளுக்கும் மட்டை: எங்கள் சிறார் கிரிக்கெட் மன்றம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஊருணியை ஒட்டிய பொட்டலில், எங்கள் இளைஞர் மன்றம் 8 வயது முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பயிற்சி நடத்தி வருகிறது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும், உடற்குறை உள்ளவர்களும் இல்லாதவர்களும், எந்தத் தெருவில் இருந்து வந்தாலும் ஒரே களத்தில்தான் ஆடுகிறார்கள். இதைக் கேள்விப்பட்டு வரும் பெற்றோரும், இதுபோல் ஒன்றைத் தங்கள் ஊரில் தொடங்க நினைக்கும் மன்றத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

‘எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறோம்’ என்கிறீர்கள். எல்லா மன்றங்களும் அப்படித்தானே சொல்கின்றன?

சொல்கின்றன. ஆனால் சேர்த்துக்கொள்வதிலும் இரண்டு விதம் உண்டு. நம் ஊர்த் தெருக்களில் ஆட்டத்துக்கு ஆள் மிஞ்சினால், மிஞ்சிய பையனை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் இரண்டு அணிக்கும் பந்து பொறுக்கிப் போடுவான். மட்டை அவன் கைக்கு வருவதற்குள் இருட்டிவிடும். கணக்கில் வராத ஆளுக்கு வைத்த பெயரே கால் ஊனமுற்றவரைக் குறிக்கும் சொல்லாக இருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. எங்கள் களத்தில் அந்தச் சொல்லுக்கும் இடமில்லை, அந்த நிலைக்கும் இடமில்லை. மன்றத்தில் சேர்ந்த பிள்ளை ஒவ்வோர் ஆட்டத்திலும் மட்டை பிடிக்க வேண்டும், பந்து வீச வேண்டும், பந்து வந்து சேரும் இடத்தில் களத்தடுப்பில் நிற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைய ஆட்டத்தை நடத்தியவரிடம் காரணம் கேட்கிறோம்.

திறமையுள்ள பிள்ளையின் வளர்ச்சி இதனால் பாதிக்கப்படாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் பிள்ளையைத்தான் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள், அதில் தவறும் இல்லை. முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரே வலையில் 24 பிள்ளைகளை நிறுத்தி இரண்டு மணி நேரம் பயிற்சி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பந்து வீசி, அடித்து, பொறுக்கி, மறுபடி வீசுவதற்கு அரை நிமிடம் ஆகும் என்றால் மொத்தம் 240 பந்துகள். சமமாகப் பங்கிட்டாலே ஆளுக்குப் பத்துப் பந்துதான். நடைமுறையில் பெரிய பையன்கள் நாற்பது, ஐம்பது பந்து ஆடிவிடுவார்கள், சின்னவர்களுக்கு மூன்றோ நான்கோ மிஞ்சும். அதே 24 பேரை நால்வர் நால்வராக ஆறு குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு டென்னிஸ் பந்தும் குழுவுக்கொரு மட்டையும் கொடுத்து, கால் மணிக்கு ஒருமுறை இடம் மாற்றினால் ஒவ்வொரு பிள்ளையும் முப்பது பந்துக்குக் குறையாமல் ஆடிவிடுகிறது. இதில் திறமையுள்ள பிள்ளைக்கும் நட்டமில்லை. வலைக்கு வெளியே காத்து நின்ற நேரம்தான் மிச்சமாகிறது.

இரண்டாவது, பத்து வயதில் ‘திறமை’ என்று நாம் கண்டுபிடிப்பது பல சமயம் உயரத்தையும் பிறந்த மாதத்தையும்தான். செப்டம்பர் 1ஆம் தேதியை வைத்து வயது கணக்கிடும் போட்டியில் செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்கும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டு வளர்த்தி இருக்கும். பெரிய பிள்ளை பந்தைத் தூக்கி அடிக்கும், அதனால் தேர்வாகும், தேர்வானதால் கூடுதல் பயிற்சி கிடைக்கும், பயிற்சியால் மேலும் தேறும். சின்னப் பிள்ளை சலித்துப்போய் வீட்டிலேயே இருந்துவிடும். கனடாவின் பனி ஹாக்கி அணிகளில் இந்தப் பிறந்தமாதச் சாய்வை 1980களிலேயே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பிறகு பல விளையாட்டுகளிலும் இதையே கண்டார்கள்.

தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்த டி. நடராஜன், 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக முதன்முதலில் களமிறங்கியபோது அவருக்கு வயது 29. கட்டடக்கலை படித்துவிட்டு, டென்னிஸ் பந்தில் சுழற்பந்து வித்தைகளைப் பழகிய வருண் சக்கரவர்த்தியும் 2021இல் இந்திய அணிக்கு வந்தபோது அதே வயதில்தான் இருந்தார். இவர்களைப் பன்னிரண்டு வயதில் ‘தேறமாட்டான்’ என்று ஒதுக்கிவைக்கும் அதிகாரம் யாருக்கு இருந்திருக்க முடியும்? எங்களுக்கு நிச்சயமாக இல்லை.

ஆட்டத்தில் முதல் பந்திலேயே அவுட்டானால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் அவ்வளவுதானே?

பெரியவர்களின் விதிப்படி அவ்வளவுதான். அதனால்தான் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஜோடி முறையில் ஆட்டம் நடத்துகிறோம். இங்கிலாந்துப் பள்ளிகளில் நெடுநாளாக ஆடப்படும் முறை இது. அணிக்கு எட்டுப் பேர், நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் நான்கு ஓவர் முழுவதும் களத்திலேயே இருக்கும். அணியின் கணக்கு 200 ஓட்டத்தில் தொடங்கும்; அடித்த ஓட்டம் கூடும், ஒவ்வொரு முறை அவுட்டாகும்போதும் 5 ஓட்டம் கழியும், அவுட்டானவர் எதிர்முனைக்குப் போய் நிற்பார். மொத்தம் 16 ஓவர். எதிரணியில் எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர் வீசினால் கணக்குச் சரியாக முடிந்துவிடும். ஒருவரும் வெளியே உட்கார மாட்டார்கள்.

முதன்முதலில் இதை ஆடிப் பார்த்த அன்று ஒன்பது வயதுப் பையன் ஒருவன் முதல் பந்திலேயே கம்பைப் பறிகொடுத்தான். பழக்க தோஷத்தில் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றியபடி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியை நோக்கி நடந்தான். நடுவராக நின்ற அண்ணன் “எங்கடா போற? இன்னும் இருபத்துமூணு பந்து இருக்கு” என்று கூப்பிட்டார். பையன் திரும்பி நின்று, நம்பாமல் தன் ஜோடியின் முகத்தைப் பார்த்தான். அந்த நான்கு ஓவரில் அவன் மேலும் இரண்டு முறை அவுட்டானான். மூன்றாவது ஓவரில் கால்பக்கம் வந்த ஒரு பந்தைத் திருப்பி விட்டு இரண்டு ஓட்டம் எடுத்தான். இன்றும் அவனிடம் கேட்டால் அந்த இரண்டு ஓட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறான்.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை: விக்கெட்டைக் காத்து ஆடும் பொறுமை இதில் மெதுவாகத்தான் வரும். அதனால் 13 வயதுக்கு மேல் வழக்கமான விதிக்கு மாறுகிறோம். அங்கும் 25 ஓட்டம் எடுத்தவர் ஓய்வுபெற வேண்டும், எல்லோரும் ஆடிய பிறகு தேவைப்பட்டால் மறுபடி வரலாம் என்று வைத்திருக்கிறோம்.

சின்னப் பிள்ளைகளும் 22 கெஜ பிட்சில்தான் ஆட வேண்டுமா?

வேண்டாம். 22 கெஜம் என்பது 20.12 மீட்டர். எட்டு வயதுப் பிள்ளை அந்தத் தூரத்துக்குப் பந்து வீச வேண்டும் என்றால் கையை மடக்கி எறியத்தான் செய்யும், பந்து வைடாகத்தான் போகும், மட்டை பிடித்தவர் சும்மா நிற்பார். ஆஸ்திரேலிய வாரியம் சிறார் ஆட்டத்தைத் திருத்தி அமைத்தபோது தொடக்க நிலைக்கு 16 மீட்டர், அடுத்த நிலைக்கு 18 மீட்டர் என்று வகுத்தது; நாங்களும் அதையே பின்பற்றிச் சுண்ணாம்பால் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறோம். பந்தும் அப்படியே. ஆண்களுக்கான பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. பெண்களுக்கு 140 முதல் 151 கிராம் வரை. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் வரை. இந்த வேறுபாட்டைக் கிரிக்கெட் விதிநூலே சொல்கிறது. ஆனாலும் கடையில் கிடைக்கும் ஒரே பந்தை எல்லோர் கையிலும் கொடுக்கும் வழக்கம் போகவில்லை.

மட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வளர்ந்தாலும் ஆகும்’ என்று அண்ணன் மட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள். மேல்கையால் மட்டும் மட்டையைப் பிடித்து நேராக நீட்டச் சொல்லுங்கள்; சில நொடிக்குள் நுனி தாழ்ந்தால் அது அந்தப் பிள்ளைக்குக் கனமான மட்டை. கனமான மட்டையால் நேராக ஆட வராது, குறுக்கே வீசத்தான் வரும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவதற்கு இரண்டு வருடம் பிடிக்கிறது.

பெண் பிள்ளைகளை ஆண் பிள்ளைகளோடு சேர்த்தா ஆட விடுகிறீர்கள்?

14 வயது வரை சேர்ந்தே ஆடுகிறார்கள். அதற்கு மேல் பெண்களுக்குத் தனிப் பயிற்சியும் உண்டு, விரும்புகிறவர்கள் கலந்தும் ஆடலாம். ‘பொம்பளப் பிள்ளைக்கு மெதுவாப் போடு’ என்று வெளியிலிருந்து குரல் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறோம். எளிய பந்து தேவைப்படுகிற பிள்ளை யாராக இருந்தாலும் எளிய பந்து போடுவோம். அதை ஆண், பெண் என்று பிரித்துத் தீர்மானிப்பதில்லை.

உண்மையில் பெண் பிள்ளைகள் நின்றுபோனதற்கான காரணங்களை விசாரித்தபோது ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை, இருட்டியபின் பொட்டலில் இருந்து தெருவிளக்கு வரை தனியாக நடக்க வேண்டியிருக்கிறது, மாதவிலக்கு நாளில் வெள்ளைக் கால்சட்டை போடச் சொல்கிறீர்கள் என்றார்கள். இந்த நான்கில் ஒன்றுகூடக் கிரிக்கெட் இல்லை. பக்கத்துப் பள்ளியின் கழிப்பறைச் சாவியை வாங்கினோம், கால்சட்டையைக் கருநீலமாக மாற்றினோம், பயிற்சியை அரை மணி முன்னதாக முடித்தோம். வீட்டுக்கு அழைத்துப் போக ஆள் வரும் வரை பெண் பயிற்சியாளர் ஒருவர் காத்திருப்பார். தன் பேத்தி ஆடுவதைப் பிடிக்காமல் வந்து உட்கார்ந்த ஓர் ஆச்சி, இப்போது யார் எத்தனை கேட்சை விட்டார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார். எங்கள் ஸ்கோரரைவிட அவர் கணக்கு சரியாக இருக்கிறது.

வழிகாட்டுவதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். மகளிர் உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் தமிழ்நாட்டைச் சேர்ந்த திருஷ் காமினி. அது 2013இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அடித்தது. 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையைக் கைப்பற்றிய இரவுக்குப் பிறகு, சேர்க்கை கேட்டு வரும் தந்தையரின் பேச்சே மாறிவிட்டது. இன்னொன்று: ‘பேட்ஸ்மேன்’ என்பதை ‘பேட்டர்’ என்று மாற்றப்போவதாக, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. மன்றம் 2021இல் அறிவித்தபோது உலகம் முழுக்க விவாதம் நடந்தது. நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. மட்டையாளர், பந்துவீச்சாளர் என்ற சொற்கள் தொடக்கத்திலிருந்தே இருபாலருக்கும் பொதுவானவை.

உடற்குறை உள்ள பிள்ளையைச் சேர்த்தால் அடிபடாதா? மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் ஆகாதா?

இடைஞ்சல் என்ற பேச்சைச் சட்டமே ஏற்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. விளையாட்டில் அவர்கள் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டிச் சேர்ப்பதைவிட ஆட்டத்தைத் தெரிந்து சேர்ப்பது நல்லது, ஏனென்றால் கிரிக்கெட்டின் விதிகளுக்குள்ளேயே இதற்கு இடம் நிறைய இருக்கிறது.

கால் பலவீனமான பிள்ளைக்கு ரன்னர், அதாவது அந்தப் பிள்ளைக்குப் பதிலாக ஓட ஓர் ஆள், வைக்கலாம். சர்வதேசப் போட்டிகளில் 2011இல் ரன்னரை நீக்கிவிட்டார்கள். விதிநூலில், ஆட்டத்தின்போது காயம்பட்டவருக்கு, அது இன்றும் இருக்கிறது. அதையே நாங்கள் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டு தொடக்கம் முதலே அனுமதிக்கிறோம். செவித்திறன் குறைந்த பிள்ளை ஓடும்போது ‘வா’, ‘வேணாம்’ என்ற கூப்பாடு கேட்காது என்பதால், எங்கள் பிள்ளைகள் எல்லோருமே கூப்பிடுவதோடு கையையும் உயர்த்திக் காட்டப் பழகியிருக்கிறார்கள்: திறந்த கை என்றால் ஓடி வா, மூடிய முட்டி என்றால் நில். இதனால் மற்றவர்களின் ரன்அவுட்டும் குறைந்ததுதான் நாங்கள் எதிர்பாராத லாபம். கூச்சலும் கூட்டமும் தாங்காத பிள்ளைக்கு முதல் ஒரு மாதம் ஆட்டத்தில் சேர்க்காமல், ஒரே அண்ணனோடு களத்தின் ஓரத்தில் பந்து பிடிக்கச் செய்கிறோம். கூட்டத்துக்குள் வரும் நாளை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்யும்.

பார்வையற்றோர் கிரிக்கெட் தனி ஆட்டம். உள்ளே சிறு குண்டுகள் போட்ட பிளாஸ்டிக் பந்து சலசலத்துக்கொண்டு வரும். கையைக் கீழாக வீசித்தான் பந்து போட வேண்டும். பதினொருவரில் குறைந்தது நால்வர் முழுப் பார்வையற்றவராக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். பார்வையற்ற பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையை 2025 நவம்பரில் கொழும்பில் இந்தியாதான் வென்றது. எங்களிடம் ஒரு முழு அணிக்கு ஆள் இல்லை என்றாலும், மாதம் ஒருமுறை எல்லாப் பிள்ளைகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பந்தில் ஆடுகிறார்கள். அன்றைக்கு வழக்கமான வீரதீரர்கள் பந்தைத் தொடக்கூட முடியாமல் திணறுவதும், குறைந்த பார்வையுள்ள ஒரு சிறுமி அவர்களுக்கு ‘சத்தம் கிட்ட வந்த பொறகு வீசு’ என்று சொல்லிக்கொடுப்பதும் பார்க்க வேண்டிய காட்சி.

அடிபடும் அச்சத்துக்கு விடை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றேதான்: பந்தும் தூரமும் அந்தப் பிள்ளைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலக்கையாலேயே சுழற்பந்து வீசிய பி. எஸ். சந்திரசேகர், 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டத்துக்கு 6 விக்கெட் சாய்த்து இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றிக்கு வழிகோலினார். களத்தடுப்பில் பந்தை அவர் இடக்கையால் எறிவார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரும் இரக்கப்பட்டு எடுக்கவில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகளை ஒரே அணியாகப் போட முடியுமா?

முடியாது. இந்தக் கேள்வி எந்தப் பொருளில் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நம் ஊர்களில் தெரு என்றால் பெரும்பாலும் சாதி. கோடைப் போட்டிகளில் தெருவுக்கொரு அணி இறங்கி, கடைசி ஓவர் தகராறு மறுநாள் ஊர்த் தகராறாக முடிந்ததை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் ஒவ்வொரு மாதமும் சீட்டுக் குலுக்கித்தான் அணி பிரிக்கிறோம். தலைமையும் ஆட்டத்துக்கு ஒருவர் என மாறும்.

இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே இதற்கான பாடம் இருக்கிறது. பூனாவில் மைதானப் பணியாளாக இருந்து, வெள்ளைக்காரர்களுக்கு வலையில் பந்து வீசித் தேறிய பல்வங்கர் பாலூ ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். மதவாரியாக அணி பிரித்து ஆடிய அந்தக் காலத்தில் இந்து அணிக்கு அவருடைய பந்துவீச்சு வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் மிகச்சிறந்த பந்துவீச்சாளர் அவர்தான். அப்படியிருந்தும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது வாய்த்தது. களத்தில் சேர்த்துக்கொண்டு குவளையில் பிரித்துவைக்கும் வழக்கம் எங்கோ முடிந்துபோன கதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொன்ன காலத்தில், யார் பாட்டிலை யார் வாங்கிக் குடிக்கிறார்கள், யார் வாங்குவதில்லை என்பதைக் கவனித்த பிறகு அந்த நினைப்புப் போயிற்று. இப்போது வேப்பமரத்தடியில் ஒரே கேன், நான்கு டம்ளர், கழுவ ஒரு வாளி. அன்றைய அணித் தலைவர்தான் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். இதனால் இரண்டு பிள்ளைகள் நின்றுபோனார்கள். அதில் ஒருவன் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தான்.

வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வரலாமா?

தாராளமாக வரலாம், அரிசி ஆலைகளிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களின் பிள்ளைகள் ஏற்கெனவே வருகிறார்கள். மொழி ஒரு வாரச் சிக்கல்தான். ‘ஓவர்’, ‘கேட்ச்’, ‘நோபால்’ எல்லா ஊரிலும் ஒன்றுதான். பெற்றோர் வேலை முடிந்து ஊர் திரும்பும்போது பிள்ளை நின்றுபோவதைத்தான் தடுக்க முடியவில்லை.

கட்டணம் எவ்வளவு? மட்டை, கால்காப்பு எல்லாம் வாங்க வேண்டுமா?

கட்டணம் இல்லை. கொடுக்க முடிந்தவர்கள் பொதுப் பெட்டியில் போடலாம். யார் போட்டார்கள் என்று எழுதிவைப்பதில்லை. மட்டை, கால்காப்பு, கையுறை, தலைக்கவசம் எல்லாம் மன்றத்தின் பொதுப்பை. சொந்த மட்டை கொண்டுவரும் பிள்ளை அதைத் தன் குழுவில் மற்றவர்களுக்கும் கொடுக்க மனமிருந்தால் மட்டும் கொண்டுவரட்டும்.

தோலால் தைத்த கடினமான தையல் பந்துக்கு எப்போது மாறுவது?

வயதைவிடக் கண்ணையும் காலையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பெரும்பாலும் 12, 13 வயதில். தலைக்கவசமும் அடிவயிற்றுக் காப்பும் (அப்டமன் கார்டு) இல்லாமல் தையல் பந்து வலைக்குள் யாரும் போகக் கூடாது. கீப்பருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் இது பொருந்தும். 2014இல் ஆஸ்திரேலிய மட்டையாளர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு உயிரிழந்த பிறகுதான் கழுத்துக் காப்பின் அருமை உலகுக்குப் புரிந்தது. தலையில் அடிபட்ட பிள்ளை ‘ஒண்ணுமில்லண்ணே’ என்று சொன்னாலும் அன்று மறுபடி ஆடாது. பெற்றோருக்குத் தொலைபேசி போகும், மருத்துவர் பார்த்த பிறகே திரும்பி வரலாம்.

என் மகன் வேகமாகப் பந்து வீசுகிறான். ஏன் அவனுக்கு ஓவரைக் குறைக்கிறீர்கள்?

அவன் முதுகெலும்புக்காக. வளரும் வயதில் அளவுக்கு மீறி வேகப்பந்து வீசினால் இடுப்புப் பக்கத்து முள்ளெலும்பில் நுண்முறிவு ஏற்படும். வலக்கைப் பந்துவீச்சாளருக்கு அது பெரும்பாலும் இடப்பக்கம் வரும். முதலில் சாதாரண இடுப்புவலியாகத் தெரியும், ஒரு பருவம் முழுவதையும் விழுங்கிவிடும். 13 வயதுக்கு உட்பட்டவர் தொடர்ந்து வீசும் ஒரு சுற்றில் 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர். 15 வயது வரை 6, 12 என்று இங்கிலாந்து வாரியம் நெடுநாள் கடைப்பிடித்த வரம்பை நாங்கள் உச்சவரம்பாக வைத்திருக்கிறோம். மன்றத்தில் குறைத்துவிட்டு, மாலையில் தெரு ஆட்டத்தில் இன்னும் பத்து ஓவர் வீசினால் பயனில்லை. அதை வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி நேரம் என்ன? படிப்பு கெடாதா?

சனி, ஞாயிறு காலை 6 முதல் 8 வரை; புதன்கிழமை மாலை ஒரு மணி நேரம். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கு மேல் செம்மண் பொட்டலில் நிற்க முடியாது. தேர்வுக் காலத்தில் புதன் பயிற்சி இல்லை. நோன்பு இருக்கும் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி இல்லை. மாசி பங்குனித் திருவிழா நாள்களில் நாங்கள் விடுமுறை விடாவிட்டாலும் யாரும் வரப்போவதில்லை என்பதால் விட்டுவிடுகிறோம்.

பயிற்சியாளர்களை எப்படி நம்பி அனுப்புவது?

கேட்க வேண்டிய கேள்வி. கேட்காத பெற்றோரிடம் நாங்களே சொல்கிறோம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக, பிறர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கக் கூடாது. வண்டியில் தனியாக ஏற்றிச் செல்லக் கூடாது. இரவில் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. தகவல் எல்லாம் பெற்றோர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் மட்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தது தெரிந்தும் மறைப்பது குற்றம். ‘மன்றத்தின் பேர் கெட்டுவிடும்’ என்று மூடிவைக்க யாருக்கும் உரிமையில்லை. குழந்தைகள் உதவி எண் 1098 கிரிக்கெட் சாமான் அறைக் கதவிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. அடிப்பது, வெயிலில் நிற்கவைப்பது, உடலைச் சொல்லிப் பட்டப்பெயர் வைப்பது ஆகியவையும் இங்கு இல்லை.

ஓரத்தில் நின்று நாங்கள் ஏதும் சொல்லக் கூடாதா?

கைதட்டலாம். எப்படி அடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். தந்தை ஒன்றும் பயிற்சியாளர் ஒன்றும் சொன்னால் பிள்ளை பந்தைப் பார்க்காமல் உங்கள் இருவரையும் பார்க்கும்.

மாவட்ட அணித் தேர்வுக்கு அனுப்புவீர்களா?

தகுதியான பிள்ளையை நிச்சயம் அனுப்புவோம். மாவட்ட அளவில் தேறி, மாநில அணிக்கு வந்தால் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பை, 19 வயதுக்கு உட்பட்டோருக்கு கூச் பெஹார் கோப்பை என்று படிகள் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழைச் சரியாக வைத்திருங்கள். வயதைக் குறைத்துக் காட்டினால் எலும்பு முதிர்ச்சிச் சோதனையில் சிக்கி, பிள்ளையின் பல வருட உழைப்பு வீணாகும். ‘தேர்வில் போட்டுவிடுகிறேன்’ என்று பணம் கேட்டு வந்த ஓர் இடைத்தரகரிடம் எங்கள் பெற்றோர் ஒருவர் நகையை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்தார். தேர்வுக்குப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

செட்டிநாட்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன தொடர்பு என்று மகள் கேட்கிறாள்.

சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த எம். ஏ. சிதம்பரம் செட்டிநாட்டு அரசர் குடும்பத்தவர். 1960களின் தொடக்கத்தில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தார். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது ‘காரைக்குடி காளை’ என்று ஓர் அணியும் இருந்தது. ஆனால் அந்த அணியின் ஆட்டங்கள் வெளியூர்களில்தான் நடந்தன. பிறகு அணியின் பெயரும் திருப்பூருக்குப் போய்விட்டது. இங்கே ஆட்டத்துக்குக் குறை இருந்ததேயில்லை, மைதானத்துக்குத்தான்.

பந்து ஊருணியில் விழுந்தால் யார் எடுப்பது?

பிள்ளைகள் யாரும் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்தாலும் கூடாது. நீண்ட மூங்கிலில் வலை கட்டி வைத்திருக்கிறோம். அதற்கும் எட்டாவிட்டால் காற்று கரைக்குக் கொண்டுவரும் வரை வேறு பந்தில் ஆட்டம் தொடரும். ஊருணிக்குள் நேராக விழும் அடிக்கு ஓட்டம் கிடையாது, அவுட். ஆறு ஓட்டம் கொடுத்திருந்த காலத்தில் ஒரே மாதத்தில் பதினேழு பந்து போயிற்று.